வேலை போன மறுநாள்

வேலை நாளில், பகல் பதினொரு மணிக்கு, கையில் டிபன் பாக்ஸுடன் ஒரு நண்பர் நம் காரியாலயத்துக்குள் நுழைந்தால் என்ன நினைப்போம்? லீவு போட்டிருக்கிறார், போகிற வழியில் எட்டிப் பார்க்கிறார் என்று நினைப்போம். நாமும் அப்படியேதான் நினைத்தோம். "என்ன, இன்றைக்கு லீவா?" என்று கேட்டும் விட்டோம். நண்பர் உடனே பதில் சொல்லவில்லை. டிபன் பாக்ஸை மேஜை மேல் வைத்தார். அதையே சற்று நேரம் பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு, "பத்தொன்பது நாளாக லீவுதான், ஸார்!" என்றார்.

அப்புறம் விஷயம் மெல்ல மெல்ல வெளிவந்தது. நண்பர் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு சிறு தொழிற்சாலையில் சாமான் கிடங்கின் கணக்கைப் பார்த்து வந்தவர். அந்த வேலைக்கு இக்காலத்தில் ஏதோ நீளமான பெயர் வைத்திருக்கிறார்கள். நாம் பழைய வழக்கப்படி குமாஸ்தா என்றே சொல்லுவோம். பதினொரு வருஷ சர்வீஸ், மாதம் 18,000 ரூபாய் சம்பளம், மனைவி, ஒன்பதாவது படிக்கும் பெண், ஐந்தாவது படிக்கும் பையன். வேலை போய்ப் பத்தொன்பது நாள் ஆகியும் வீட்டில் சொல்லவில்லை. தினம் காலையில் வழக்கம் போல் டிபன் பாக்ஸை எடுத்துக் கொண்டு புறப்படுவார். எழும்பூரில் கன்னிமரா புத்தகசாலையில் போய் உட்காருவார். மாலையில் வழக்கமான நேரத்துக்கு வீடு திரும்புவார். பதினொரு வருஷத்தில் படிக்காத பத்திரிகைகளையெல்லாம் இந்தப் பத்தொன்பது நாளில் படித்துவிட்டதாகச் சொன்னார். சொல்லும்போது சிரிக்க முயன்றார். சிரிப்பு வரவில்லை.

"வேலையிலிருந்து நீக்கினார்களே, காரணம் எழுதிக் கொடுத்தார்களா?" என்று கேட்டோம்.

"அவர்கள் நீக்கவில்லை, ஸார்! நானே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டேன்" என்றார் நண்பர்.

நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. நடந்தது இதுதான். ஒரு நாள் மானேஜர் அவரைத் தம் அறைக்கு அழைத்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னார். பதினொரு வருஷத்தில் முதல் தடவையாகக் காப்பி வரவழைத்துக் கொடுத்தார். "கம்பெனி நிலைமை உங்களுக்குத் தெரியாதது அல்ல. ஆட்களைக் குறைத்தே தீர வேண்டியிருக்கிறது. நாங்களாக நீக்கினால் உங்கள் பெயருக்குக் குறைவு. நாளைக்கு இன்னொரு இடத்தில் வேலைக்குப் போகும்போது கேள்வி வரும். நீங்களாக விலகியதாக எழுதிக் கொடுத்துவிட்டால் கௌரவமாகப் போய்விடும்" என்று மிகவும் அன்புடன் எடுத்துச் சொன்னார். காகிதம் தயாராக டைப் அடித்து வைத்திருந்தது. நண்பர் கையெழுத்துப் போட்டார்.

கௌரவம் என்ற அந்த ஒரு வார்த்தைக்கு நண்பர் கொடுத்த விலை என்ன என்பதை அன்று மாலையே நாம் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். அந்தக் கணக்கை நேயர்களுக்குச் சற்றுப் பொறுத்துக் காட்டுகிறோம். அதற்கு முன்பு கௌரவத்தைப் பற்றியே இரண்டு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது.

இரப்பதும் கேட்பதும்

தமிழனுக்கு மானம் பெரிது. திருவள்ளுவர் இரவு என்று ஓர் அதிகாரம் செய்துவிட்டு, அதற்கு அடுத்தாற்போலவே இரவச்சம் என்று மற்றோர் அதிகாரத்தை வைத்தார். பிறரிடம் கை நீட்டுவதற்கு அஞ்ச வேண்டும் என்பது நமக்குத் தாய்ப்பாலோடு வந்த பாடம். அது நல்ல பாடந்தான். அதில் குறையொன்றும் சொல்வதற்கில்லை.

ஆனால் அந்தப் பாடத்தை நாம் எங்கே பிரயோகிக்கிறோம் என்று பாருங்கள்! வேலை போனவர் முதலில் மனைவியின் வளையலை அடகு வைக்கிறார். பிறகு மூன்று வட்டிக்குக் கடன் வாங்குகிறார். பிறகு மைத்துனரிடம் போய், "அடுத்த மாதம் தந்து விடுகிறேன்" என்று தலையைச் சொறிகிறார். மளிகைக் கடைக்காரரைக் கண்டால் எதிர்ச் சாரிக்குப் போகிறார். இத்தனைக்கும் அவருடைய மானம் இடங்கொடுக்கிறது. சர்க்கார் ஆபீஸில் போய், "எனக்குச் சேர வேண்டியது இன்னது; அதைக் கொடுங்கள்" என்று ஒரு மனு எழுதிக் கொடுப்பதற்கு மட்டும் இடங்கொடுக்கவில்லை! "நாம் என்ன பிச்சைக்காரர்களா?" என்று கேட்கிறார்.

அல்லவே அல்ல. இல்லாதவன் இருப்பவனுடைய இரக்கத்தை நாடிப் போவது இரத்தல். தான் போட்ட பணத்தை, அல்லது தனக்காகச் சட்டம் எடுத்து வைத்த பணத்தை, உரிய இடத்தில் போய்க் கேட்பது இரத்தல் ஆகாது. பாங்கியில் போட்ட பணத்தை எடுக்கப் போகிறவன் தலையைக் குனிந்துகொண்டா போகிறான்? நம் பள்ளிக்கூடங்களையே எடுத்துக் கொள்ளுங்கள். 1956-ம் வருஷத்தில் காமராஜர் மதிய உணவு போட ஏற்பாடு செய்தார். 1982-ல் எம்.ஜி.ஆர். அதை விரிவு படுத்தினார். 2022-ல் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்தது. அந்தச் சோற்றைச் சாப்பிட்டுப் படித்தவர்கள் இன்று டாக்டர்களாகவும் கலெக்டர்களாகவும் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து யாராவது பிச்சைச் சோறு தின்றவர்கள் என்று சொல்கிறோமா? சொன்னால் நாக்கு அழுகிப் போகாதா?

நம்மை ஆண்டவர்கள் கற்ற பாடம்

தர்மமாகக் கொடுப்பதற்கும் பாத்தியதையாகக் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு தேசம் நூறு வருஷத்துக்கு மேல் அடிபட்டுக் கற்றுக்கொண்டது. அது வேறெதுவும் இல்லை; நம்மை ஆண்ட இங்கிலாந்து தேசந்தான்.

1834-ம் வருஷத்தில் அங்கே ஏழைகளுக்காக ஒரு சட்டம் செய்தார்கள். உடம்பில் வலுவுள்ளவன் வேலையின்றி உதவி கேட்டு வந்தால் அவனை 'வேலை விடுதி' ஒன்றில் கொண்டு போய் அடைக்க வேண்டும் என்பது அச் சட்டத்தின் கருத்து. விடுதியில் கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், குழந்தைகள் ஒரு பக்கம். வெளியே இருக்கிற மிகத் தாழ்ந்த கூலிக்காரனுடைய வாழ்வைக் காட்டிலும் உள்ளே வாழ்வு மோசமாக இருக்க வேண்டும் என்பதையே கொள்கையாக வைத்திருந்தார்கள். உதவி கேட்க ஒருவனும் துணியக் கூடாது என்பதற்காகவே உதவி செய்த விந்தையை வேறெங்கும் காண முடியாது!

1911-ம் வருஷத்தில் காற்று மாறியது. அவ்வருஷம் செய்த தேசிய இன்ஷூரன்ஸ் சட்டப்படி, கட்டட வேலை, கப்பல் கட்டுதல், இயந்திர வேலை முதலிய சில தொழில்களில் இருந்த ஏறக்குறைய 22½ லட்சம் தொழிலாளிகள் வேலையில் இருக்கும் வாரந்தோறும் இரண்டரைப் பென்னி சந்தா செலுத்தினார்கள். முதலாளியும் இரண்டரைப் பென்னி செலுத்தினார். சர்க்காரும் தன் பங்கைச் சேர்த்தது. சந்தாவுக்கு அடையாளமாக ஒரு சீட்டில் முத்திரை ஒட்டினார்கள். வேலை போனால், வருஷத்தில் 15 வாரம் வரையில், வாரத்துக்கு 7 ஷில்லிங். பணம் சொற்பந்தான். ஆனாலும் தொழிலாளி அதை வாங்கும்போது சீட்டைக் காட்டி வாங்கினான். கையைக் கூப்பி வாங்கவில்லை.

இந்தப் பாடத்தை அவர்கள் நடுவில் ஒரு தடவை மறந்தார்கள். 1931-ம் வருஷம் செப்டம்பர் மாதக் கடைசியில் மகாத்மா காந்தி வட்டமேஜை மகாநாட்டுக்காக லண்டனில் இருந்தபோது லங்காஷயர் ஜில்லாவுக்குப் போனார். அங்கே டார்வென் முதலிய ஊர்களில் நெசவு ஆலைகள் மூடிக் கிடந்தன. அவை மூடியதற்கு நம்முடைய அந்நியத் துணி பகிஷ்காரமும் ஒரு காரணம். வேலையிழந்த அந்தத் தொழிலாளிகள் மகாத்மாவைக் கல்லால் அடிக்கவில்லை. ஆரவாரம் செய்து வரவேற்றார்கள். மகாத்மாவும் அவர்களுடைய துன்பத்துக்கு வருந்தினார். ஆயினும் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடவில்லை. இங்கே முப்பது லட்சம் பேருக்கு வேலையில்லை. எங்கள் தேசத்திலோ ஏறக்குறைய முப்பது கோடிப் பேருக்கு வருஷத்தில் பாதி நாள் வேலையில்லை. உங்களுக்குக் கிடைக்கும் உதவிப் பணம் எங்கள் ஜனங்களின் சராசரி வருமானத்தைப் போல் பல மடங்கு என்ற கருத்தை அவர்களுக்கு எடுத்துக் காட்டினார்.

அந்த உதவிப் பணத்துக்கும் அதே மாதத்தில் ஆபத்து வந்திருந்தது. பணமுடை காரணமாகப் பிரிட்டிஷ் சர்க்கார் ஆண் தொழிலாளிக்கு வாரம் 17 ஷில்லிங்காக இருந்த உதவியை 15 ஷில்லிங் 3 பென்னியாகக் குறைத்தது. நவம்பரில் இன்னொரு கொடுமையும் சேர்ந்தது. 26 வாரத்துக்கு மேல் உதவி வேண்டுமென்றால், 'பொது உதவிக் கமிட்டி' குடும்பத்தின் வருமானத்தைச் சோதித்த பிறகே கொடுக்கும் என்றார்கள். சோதனை அதிகாரிகள் வீட்டுக்குள் வந்து நாற்காலி மேஜைகளைப் பார்த்தார்கள். மகன் சம்பாதிப்பதைத் தகப்பனுடைய பணத்தில் கழித்தார்கள். தகப்பன் வயிற்றில் அடிக்க வேண்டாமென்று பிள்ளைகள் வீட்டை விட்டு வெளியேறினார்கள். சந்தாக்காரனாக இருந்தவன் ஒரே நாளில் யாசகன் ஆனான். ஒரு தலைமுறை முழுவதும் அந்த அவமானத்தை மறக்கவில்லை. 1942-ம் வருஷம் டிசம்பரில் வெளியான பெவரிட்ஜ் அறிக்கை, சந்தா செலுத்தியவனுக்குச் சோதனையின்றிப் பாத்தியதையாகக் கொடுக்க வேண்டும் என்று திரும்பவும் சொல்லிற்று. 1948-ம் வருஷம் ஜூலை 5-ந் தேதி அது நடைமுறைக்கு வந்தது. பழைய ஏழைச் சட்டமும் அன்றோடு ஒழிந்தது.

சுதந்திர பாரதம் சொன்ன சொல்

ஏறக்குறைய அதே சமயத்தில்தான் நாமும் சுதந்திரம் பெற்று நமக்கென்று ஓர் அரசியல் சட்டத்தை எழுதிக் கொண்டிருந்தோம். அந்தச் சட்டத்தின் 41-வது ஷரத்தை நேயர்களில் எத்தனை பேர் படித்திருக்கிறீர்கள்? வேலை செய்யும் உரிமை, கல்வி பெறும் உரிமை, வேலையின்மையிலும் முதுமையிலும் நோயிலும் அங்கவீனத்திலும் பொது உதவி பெறும் உரிமை ஆகியவற்றை ராஜ்யம் தன் பொருளாதார சக்திக்கு உட்பட்டு ஏற்படுத்த வேண்டும் என்று அது பணிக்கிறது. உரிமை என்ற சொல்தான் அங்கே இருக்கிறது. தயவு என்ற சொல் இல்லை. இந்த ஷரத்தைக் காட்டி நேரே கோர்ட்டில் வழக்காட முடியாது என்பது வாஸ்தவம். ஆனால் அதிலிருந்து பிறந்த சட்டங்களும் அதற்கு முன்பே பிறந்த சட்டங்களும் சில உண்டு. அவற்றைக் காட்டி வழக்காடலாம்.

இப்போது நண்பருடைய கணக்குக்கு வருவோம்.

1947-ம் வருஷத்துத் தொழில் தகராறுச் சட்டத்தில் 1953-ல் ஒரு விதியைச் சேர்த்தார்கள். ஒரு வருஷமாவது தொடர்ந்து வேலை செய்த தொழிலாளியை ஆட்குறைப்புச் செய்தால், ஒரு மாத நோட்டீஸ் அல்லது ஒரு மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். மேலும் வருஷத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் வீதம் நஷ்டஈடு கொடுக்க வேண்டும். குமாஸ்தா வேலை செய்பவரும் இச் சட்டத்தின்படி தொழிலாளியே. 2025-ம் வருஷம் நவம்பர் 21-ந் தேதி பழைய சட்டத்தின் இடத்துக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் இந்த விதி இருக்கிறது. அதற்கு மேல், நீக்கப்பட்டவர் வேறு தொழில் பழகுவதற்காக இன்னும் பதினைந்து நாள் சம்பளம் கொடுக்க வேண்டும் என்றும் அதில் சேர்த்திருக்கிறார்கள்.

நண்பருக்குப் பதினொரு வருஷம்; ஆகவே 165 நாள் சம்பளம். 18,000 ரூபாய்ச் சம்பளத்துக்கு ஏறக்குறைய 99,000 ரூபாய். நோட்டீஸ் மாதச் சம்பளம் 18,000. இரண்டும் சேர்ந்து 1,17,000 ரூபாய். இது ஆட்குறைப்புக்கு உரிய பணம். தாமாக விலகியவருக்குச் சட்டம் இதைக் கொடுப்பதில்லை. ஆக, மானேஜர் அறையில் நண்பர் குடித்த ஒரு டம்ளர் காப்பியின் விலை ஒரு லட்சத்துப் பதினேழாயிரம் ரூபாய்! சென்னை மாநகரத்தின் எந்த உயர்ந்த ஹோட்டலிலும் இந்த விலைக்குக் காப்பி விற்பதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

ஆகவே, நேயர்களே, வேலை போன மறுநாளைக்கு வேண்டிய முதல் புத்திமதி, வேலை போகும் நாளைக்கே உரியது. நீக்குவதானால் அவர்கள் நீக்கட்டும். காரணத்தை அவர்கள் எழுதிக் கொடுக்கட்டும். டைப் அடித்துத் தயாராக இருக்கும் ராஜினாமாக் கடிதத்தில் அந்த அறையிலேயே கையெழுத்துப் போட வேண்டாம். "வீட்டில் கலந்துகொண்டு நாளைக்குச் சொல்கிறேன்" என்று எழுந்து வந்துவிடுங்கள். காப்பியை வேண்டுமானால் குடித்துவிட்டு வாருங்கள்.

தட்ட வேண்டிய கதவுகள்

கையெழுத்துப் போட்டுவிட்டால் எல்லாம் போய்விட்டதா? இல்லை. நண்பருக்குத் திறக்கக் கூடிய கதவுகள் இன்னும் பல இருந்தன. அவர் புத்தகசாலையில் உட்கார்ந்திருந்த நாட்களில் அவையெல்லாம் தட்டுவாரின்றிக் கிடந்தன.

முதலாவது, கிராஜுவிட்டி என்னும் பணிக்கொடை. ஐந்து வருஷம் வேலை செய்தவருக்கு, நீக்கப்பட்டாலும் தாமாக விலகினாலும், வருஷத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் உண்டு. 1972-ம் வருஷத்துச் சட்டம் கொடுத்த இந்தப் பாத்தியதை புதிய சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. இங்கே மாதத்துக்கு 26 நாள் என்று வைத்துக் கணக்கிடுவார்கள். நண்பருடைய 18,000 முழுவதையும் அதற்குரிய சம்பளமாகக் கொண்டால், பதினொரு வருஷத்துக்கு ஏறக்குறைய 1,14,000 ரூபாய் வருகிறது. முப்பது நாளுக்குள் முதலாளி கொடுக்க வேண்டும். தாமதித்தால் வட்டியும் சேரும். இது ராஜினாமாவினால் போகாத பணம். அதைக் கேட்டு மனு எழுத வேண்டும் என்பதே நண்பருக்குத் தெரியவில்லை.

இரண்டாவது, பிராவிடண்ட் பண்டு. மாதந்தோறும் சம்பளத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டு பிடித்தார்கள் அல்லவா? முதலாளியும் அதே அளவு போட்டார். அதில் ஒரு பகுதி பென்ஷனுக்குப் போய்விடுகிறது. வேலை போனவர் இந்தச் சேமிப்பை எடுக்கலாம். எவ்வளவு பாகத்தை உடனே எடுக்கலாம், மீதிக்கு எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்ற விதிகளை 2025-ல் மாற்றத் தீர்மானித்தார்கள். ஆதலால் மனுப் போடும் நாளில் அமலில் உள்ள விதியைக் கேட்டுக் கொள்வது நல்லது. எடுக்க முடிகிறது என்பதற்காக எல்லாவற்றையும் எடுத்துவிடவும் வேண்டாம். பத்து வருஷம் பூர்த்தியானவருக்கு 58 வயதில் பென்ஷன் உண்டு. பத்து வருஷம் ஆகாதவர் பென்ஷன் பகுதியைக் கரைத்துவிடாமல் அதற்கு ஒரு சான்றிதழ் வாங்கி வைத்துக் கொண்டால், அடுத்த வேலையின் வருஷங்கள் அதனோடு சேர்ந்துகொள்ளும்.

மூன்றாவது, ஈ.எஸ்.ஐ. என்று எல்லாரும் சொல்லும் தொழிலாளர் இன்ஷூரன்ஸ். 1948-ல் சட்டமாகி, 1952-ல் கான்பூரிலும் டில்லியிலும் ஆரம்பமாகி, 1955-ல் கோயம்புத்தூர் வழியாக நம் மாகாணத்துக்கு வந்தது. 2017 முதல் மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் என்பது வரம்பு. 2019-ல் வைத்த விகிதப்படி தொழிலாளியின் சந்தா நூற்றுக்கு முக்கால். முதலாளியின் சந்தா மூன்றேகால். நண்பரின் கணக்கில் மாதம் 135 ரூபாயும் 585 ரூபாயும். வேலை போன அன்றே ஆஸ்பத்திரிக் கதவு சாத்தப்படுவதில்லை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையில் செலுத்திய சந்தாவுக்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன் உண்டு. வேலை போனபின் பிள்ளைக்கு ஜுரம் வந்தால் கடன் வாங்கித் தனியார் வைத்தியரிடம் ஓடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அந்த இன்ஷூரன்ஸில் நோய்க்கும் பிரசவத்துக்கும் விபத்துக்கும் ஆதியிலேயே இடம் வைத்தார்கள். வேலையிழப்பு என்ற வியாதிக்கு இடம் வைக்க 2005-ம் வருஷம் வரையில், அதாவது 57 வருஷம், ஆயிற்று. பின்பு 2018 ஜூலையில் அடல் பெயரால் மற்றொரு திட்டம் வந்தது. குறைந்தது இரண்டு வருஷம் இன்ஷூரன்ஸில் இருந்து வேலையிழந்தவருக்கு, சராசரிச் சம்பளத்தில் கால் பங்கு, 90 நாள் வரையில் கொடுப்பது என்று வைத்தார்கள். 2020-ல் கொள்ளை நோய்க் காலத்தில் அது அரைப் பங்காயிற்று. அந்த அரைப் பங்கின்படி பார்த்தால் நண்பரைப் போன்றவருக்குச் சுமார் 27,000 ரூபாய். இதை அவ்வப்போது காலம் நீட்டித்தே நடத்தி வந்திருக்கிறார்கள், ஆகையால் ஈ.எஸ்.ஐ. கிளை ஆபீஸுக்குப் போய், இப்போது அமலில் இருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும். குற்றத்துக்காக நீக்கப்பட்டவருக்கும் விருப்ப ஓய்வு பெற்றவருக்கும் இது இல்லை என்று விதி. ராஜினாமாக் கடிதம் இங்கேயும் வந்து குறுக்கே படுத்துக் கொள்கிறது, பார்த்தீர்களா?

நான்காவது, தொழிலாளர் அதிகாரியின் ஆபீஸ். மிரட்டியோ ஏமாற்றியோ ராஜினாமா வாங்கினார்கள் என்றால் அதைத் தகராறாக எழுப்ப இடமுண்டு. காலம் கடத்தினால் உரிமை மங்கும். வக்கீலுக்குப் பணம் எங்கே என்று கேட்கிறீர்களா? 1987-ம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், தொழிற்சாலைத் தொழிலாளிக்கு இலவசச் சட்ட உதவி பெறும் தகுதியைக் கொடுத்திருக்கிறது. பெண்களுக்கும் அந்தத் தகுதி உண்டு. ஜில்லாக் கோர்ட்டு இருக்கும் இடத்திலேயே அந்த ஆணையத்தின் ஆபீஸும் இருக்கும்.

ஐந்தாவதாக, வேலைவாய்ப்பு ஆபீஸில் பெயரைப் புதுப்பிக்க வேண்டும். ரேஷன் கார்டைப் பெட்டியின் அடியிலிருந்து மேலே எடுக்க வேண்டும். "ரேஷன் அரிசி நமக்கு எதற்கு?" என்று இத்தனை நாள் விட்டு வைத்த குடும்பங்கள் அதை வாங்குவதில் ஒரு குறைவும் இல்லை. தனியார் பள்ளிச் சம்பளம் கட்ட முடியாவிட்டால், பிள்ளையைப் படிப்பிலிருந்து நிறுத்தாமல் சர்க்கார் பள்ளிக்கு மாற்ற வேண்டும். நம் ராஜ்யத்தில் 2023-ல் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்க ஆரம்பித்தபோது அதற்கு 'உரிமைத் தொகை' என்று பெயர் வைத்தார்கள். திட்டத்தைப் பற்றி யாருக்கு என்ன அபிப்பிராயம் இருந்தாலும், அந்தப் பெயர் சரியான பெயர் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

போதுமா?

இத்தனை கதவுகளைச் சொன்னதனால், நம் தேசத்தில் வேலையிழந்தவனுக்குக் குறைவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். குறைவு மலை போல் இருக்கிறது.

அடல் திட்டத்தின் உதவி ஆயுளில் ஒரே முறை என்று விதி வைத்தார்கள். ஒரு மனிதனுக்கு ஆயுளில் ஒரு தடவைக்கு மேல் வேலை போகாது என்று விதி எழுதியவர்கள் எந்த ஜோசியரைக் கேட்டுத் தெரிந்து கொண்டார்களோ, அறியோம்! மாதம் 21,000 ரூபாய்க்கு மேல் வாங்கினவர் வேலையிழந்தால், அவருக்கு அந்த ஒரு முறையும் இல்லை. தெருவில் தள்ளுவண்டி வைத்தவர், வீட்டு வேலை செய்யும் பெண்மணி, சித்தாள், கொத்தனார் ஆகிய கோடிக்கணக்கான பேருக்கு ராஜினாமாக் கடிதமும் இல்லை, நீக்கல் உத்தரவும் இல்லை. "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்ற மூன்று வார்த்தைதான். தமிழ்நாட்டில் 2006 முதல் வேலையற்றோருக்கு உதவித் தொகை என்று ஒன்று கொடுத்து வந்திருக்கிறார்கள். பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய். பத்தாவது தேறினவருக்கு 300. அதுவும் வேலைவாய்ப்பு ஆபீஸில் பதிவு செய்து ஐந்து வருஷம் காத்திருந்தவருக்கு! இன்றைக்குப் பசிக்கிறவன் ஐந்து வருஷம் கழித்துச் சாப்பிடலாம் என்பது இதன் தாத்பரியம்.

சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1952-ம் வருஷத்திலேயே 102-வது உடன்படிக்கையில் ஒரு குறைந்த அளவை வகுத்தது. வேலையிழந்தவருக்குச் சம்பளத்தில் நூற்றுக்கு 45 வீதம், பன்னிரண்டு மாதத்தில் 13 வாரமாவது கொடுக்க வேண்டும் என்றது. பாரத சர்க்கார் அந்த உடன்படிக்கையை ஏற்றுக் கையெழுத்திடவில்லை. 41-வது ஷரத்தில் 'பொருளாதார சக்திக்கு உட்பட்டு' என்று போட்ட சொற்களின் நிழலில் நம் சர்க்கார்கள் வெகு காலம் இளைப்பாறிவிட்டன.

ஆனால் இதையும் நாம் சிந்திக்க வேண்டும். வேலை போனவர்கள் புத்தகசாலையில் ஒளிந்து உட்கார்ந்திருக்கும் வரையில், சர்க்காருக்கு அவர்கள் இருப்பதே தெரியாது. மனு வராத ஆபீஸில் பணம் ஒதுக்க மாட்டார்கள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று நம் பெரியோர் சும்மா சொல்லவில்லை. இருக்கிற உரிமையை ஆயிரம் பேர் கேட்டு வாங்கினால்தான் இல்லாத உரிமையைக் கேட்பதற்கு ஆயிரத்தோராவது மனிதனுக்குக் குரல் வரும்.

அப்புறம் நடந்தது

"முதலில் இன்று இரவே வீட்டில் சொல்லுங்கள்" என்று நண்பரை அனுப்பி வைத்தோம். மறுநாள் அவர் தம் மனைவியாருடன் வந்தார். அந்த அம்மாள் கையில் ஒரு பிஸ்கோத்து டின் இருந்தது. அதற்குள் பதினொரு வருஷச் சம்பளச் சீட்டுகள், ஈ.எஸ்.ஐ. அட்டை, பிராவிடண்ட் பண்டு நம்பர் எழுதிய காகிதம் எல்லாம் வருஷ வாரியாக அடுக்கியிருந்தன.

"நேற்றுத்தான் இவர் சொன்னாரா, அம்மா?" என்று கேட்டோம்.

"எனக்கு நாலாம் நாளே தெரியும். சட்டையில் கிரீஸ் வாசனை வரவில்லை. இவராகச் சொல்லட்டும் என்று இருந்தேன்" என்றார் அந்த அம்மாள். நண்பர் ஜன்னல் பக்கம் திரும்பிக் கொண்டார்.

பிறகு காரியங்கள் நடந்தன. கிராஜுவிட்டி இரண்டு மனுவுக்குப் பிறகு வந்தது. பிராவிடண்ட் பண்டிலிருந்து ஒரு பகுதியை எடுத்து வீட்டு வாடகைப் பாக்கியைத் தீர்த்தார்கள். ராஜினாமாவைப் பற்றிய தகராறு மட்டும் தொழிலாளர் அதிகாரியின் முன்பு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அது எப்படி முடியும் என்று நாம் ஜோசியம் சொல்லத் தயாராயில்லை. நண்பருக்கு ஆவடிப் பக்கத்தில் வேறொரு வேலை கிடைத்திருக்கிறது. சம்பளம் முன்னைவிட இரண்டாயிரம் குறைவு. டிபன் பாக்ஸ் அதேதான்.

போன வாரம் வந்தபோது அவர் ஒரு விஷயம் சொன்னார். தகராறு விசாரணைக்காகத் தொழிலாளர் அதிகாரியின் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாராம். பழைய தொழிற்சாலையில் உடன் வேலை செய்த ஒருவர் உள்ளே வந்தார். அவரும் ஆட்குறைப்பில் அகப்பட்டவர்தான். நண்பரைக் கண்டதும் முகத்தைக் கைக்குட்டையால் மறைத்துக் கொண்டு வாசல் பக்கம் திரும்பினார். நண்பர் அவர் பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிட்டுப் பெஞ்சில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். வந்தவர் தயங்கித் தயங்கி உட்கார்ந்து, தணிந்த குரலில், "நீங்கள் எதற்காக இங்கே வந்தீர்கள்?" என்று கேட்டார்.

"என் பணத்தை வாங்க வந்திருக்கிறேன். உம்முடைய காகிதங்களைக் காட்டும், பார்க்கலாம்" என்றாராம் நண்பர்.